கண்மாய்க் கருவேலும் கடல் தோணியும்

மல்லாங்கிணறுக்கும் கடலுக்கும் நடுவே நெடுந்தூரம் காய்ந்த நிலம் கிடக்கிறது. பருத்தி, மல்லி, சோளம், குதிரைவாலி என்று வானத்தை நம்பி விதைக்கிற பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் கண்மாயில் தண்ணீர் நிற்கும். பொய்த்த வருசம் உள்வாயில் ஆடு மேயும். கப்பல் கட்டுவதைப் பற்றி எழுத இங்கிருந்து கிளம்புகிறேன் என்றதும் டீக்கடையில் இருந்தவர்கள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஆனால் எனக்கு வேறு தொடக்கம் தெரியவில்லை. தென்கடற்கரையில் கட்டிய பழைய மரத்தோணி ஒன்றின் வயிற்றுக்குள் இறங்கிப் பாருங்கள். பலகைகளை உள்ளிருந்து தாங்கிக்கொண்டு வளைந்து நிற்பது பெரும்பாலும் நாட்டுக் கருவேல். அது கடலோரத்து மரமில்லை. இப்படிப்பட்ட வானம் பார்த்த ஊர்களின் கண்மாய் மரம்.

இப்போது அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டிப் பக்கம் கண்ணுக்குப் படுவதெல்லாம் சீமைக் கருவேல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிநாட்டிலிருந்து வந்த செடி. வெட்ட வெட்டத் துளிர்க்கும், விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் ஆகும். இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீட்டு அடுப்பு மூட்டக் கரியின் வருமானத்தில் எரிகிறது என்பதால் அதை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அது தோணிக்கு ஆகாது. நாட்டுக் கருவேல் வேறு. மஞ்சள் பூ, மணி கோத்த மாதிரி நெற்று, கறுத்து வெடித்த பட்டை. மழைக்காலம் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நிற்கும், கோடையில் வெடித்த மண்ணிலும் நிற்கும். அறுபதுகளிலிருந்து சமூகக் காடு வளர்ப்பின் கீழ் வனத்துறை தமிழகக் கண்மாய்களில் வரிசை வரிசையாக நட்டது இதைத்தான்.

மல்லாங்கிணறு வட்டாரத்தில் பல காலம் கட்டை வியாபாரம் செய்த ஒரு பெரியவரைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறார்கள். கண்மாய்க் கரையில் எனக்கு முன்னால் நடந்தவர், ஒரு மரத்தின் முன் நின்று அதன் வளைவை உள்ளங்கையால் தடவினார்.

“இதைப் பாருங்க தம்பி. நேரா வளர்ந்த மரத்துக்கு ஏலத்துல எவனும் வருவான். கோணல் மரத்துக்கு ரெண்டே பேருதான் வருவாங்க. ஒண்ணு வண்டி ஆசாரி, இன்னொண்ணு தோணி ஆசாரி.”

வண்டி ஆசாரிக்குச் சக்கரத்தின் வட்டை வேண்டும். கலப்பைக்கும் வளைவு வேண்டும். தோணி ஆசாரிக்கு வேண்டியது வங்கு. அதாவது தோணியின் அடியில் ஓடும் ஏராவிலிருந்து இரண்டு பக்கமும் கிளம்பி, வளைந்து, மேலே ஏறுகிற சட்டம். தூத்துக்குடியிலிருந்து வருகிற ஆசாரிகள் அச்சுப் பலகையைத் தோளில் சுமந்து கண்மாய்க்குள் இறங்குவார்களாம். மரத்துக்கு மரம் பலகையை ஒட்டி வைத்துப் பார்ப்பார்கள். வளைவு பொருந்தினால் சுண்ணாம்பால் ஒரு கோடு. ஒரு நாள் முழுக்க அலைந்து நாலைந்து மரத்தில் கோடு போட்டுவிட்டுத் திருப்தியாகப் போவார்கள் என்றார் அண்ணாச்சி.

நேர் மரத்தை அறுத்து வளைவாக்கினால் என்ன என்று கேட்டேன். அவர் கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து ஒடித்துக் காட்டினார். மரத்துக்குள் நார் ஒரு திசையில் ஓடுகிறது. நேர் கட்டையை வளைவாக அறுத்தால் அந்த நார் பாதியில் அறுபட்டு நிற்கும். அலை அறைகிறபோது அங்கேதான் பிளக்கும். தானாக வளைந்த மரத்தில் நாரும் மரத்தோடு வளைந்தே ஓடுகிறது. அதனால் மெல்லிய சட்டமும் பெரிய கனத்தைத் தாங்கும். “அதுக்கு மேல இது தண்ணியில நின்ன மரம். தண்ணிக்குப் பயப்படாது” என்றார். இந்த இரண்டாவது காரணம் எந்த அளவு சரியோ, முதல் காரணம் உலகத்து மரக்கப்பல் கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒன்று. இங்கிலாந்தில் போர்க்கப்பலுக்கு ஓக் மரம் தேடியவர்களும் கோணல் கிளைகளுக்காகவே காடு காடாக அலைந்திருக்கிறார்கள்.

மல்லாங்கிணறிலிருந்து கல்குறிச்சிக்கு வந்துவிட்டால் மதுரை – தூத்துக்குடி நாற்கர சாலை. அருப்புக்கோட்டை வழியாகத் தெற்கே இறங்கியது பஸ். பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம். எட்டயபுரத்தைத் தாண்டியதும் கரிசல் அகன்று விரிகிறது. முன்பு கருவேல வங்குகள் இதே தடத்தில்தான் மாட்டு வண்டியிலும் பிறகு லாரியிலும் போயிருக்கின்றன.

குறுக்குச்சாலையில் ஒட்டப்பிடாரத்துக்குப் பிரிகிற பாதையைப் பார்த்ததும் வ.உ.சி.யை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1872-இல் பிறந்த ஊர் அது. 1906-இல் சுதேசி நாவிகச் சங்கத்தைத் தொடங்கி, மறு வருசம் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு நீராவிக் கப்பல்களை வாங்கிக் கொழும்புக்கு ஓட்டினார். 1908-இல் சிறை, 1911-க்குள் கம்பெனி கலைப்பு. இந்த வரலாறு நமக்குப் பாடம். ஆனால் அதன் பக்கத்திலேயே நின்ற ஒரு விஷயத்தை நாம் பார்ப்பதில்லை. நீராவிக் கப்பலைக் கட்டுகிற வசதி இங்கே யாருக்கும் இல்லை, அதனால் அவர் அயல்நாட்டுக்கு ஆள் அனுப்பி வாங்க வேண்டியிருந்தது. அதே தூத்துக்குடிக் கரையிலோ கடலோடிக் குடும்பங்கள் சொந்தக் காசில், சொந்த ஆசாரிகளை வைத்து, சரக்குத் தோணிகளைக் கட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைக்காரனுடைய கம்பெனியோடு கட்டணப் போட்டியில் இறங்கிய சுதேசிக் கப்பல் கவிழ்ந்தது. தோணி அதற்குப் பிறகும் பல தலைமுறை ஓடியது. இந்தத் தோணிக்காரர்களின் தொழிலும் சுதேசித் தொழில்தான். அதற்கு நம் நினைவில் ஒரு சிறிய இடமாவது வேண்டும் என்று நினைக்கிறேன்.

தூத்துக்குடியில் தோணி இத்தனை வலுவாக வேரூன்றியதற்குக் காரணம் கடலின் ஆழமின்மை. பழைய துறைமுகத்தில் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே பருத்தி, உப்பு, நிலக்கரி, தானியம் எல்லாவற்றையும் சுமந்தது தோணிதான். கரையில் அரவை ஆலையும் பஞ்சாலையும் வளர்ந்த காலத்தில் ஒவ்வொரு மூட்டையும் தோணியின் வயிற்றுக்குள் ஒருமுறை இறங்கி ஏறியிருக்கும். ஆழ்கடல் துறைமுகம் கட்டி முடித்து, 1974 ஜூலை 11-இல் அதைப் பெருந்துறைமுகமாக அறிவித்ததோடு அந்த வேலை முடிந்தது. கப்பல் நேரே கரையோடு ஒட்டி நின்றது. தோணிகள் கொழும்பையும் மாலத்தீவையும் நோக்கித் திரும்பின. எண்பதுகளில் இலங்கையில் போர் மூண்டதும் கொழும்பு ஓட்டமும் நொடித்தது. பாயை மட்டுமே நம்பி ஓடிய தோணிகளுக்கு இன்ஜின் வைத்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவல் இந்தத் தோணி உலகத்தின் ஏற்ற இறக்கங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறது. 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல். தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போகலாம்.

நான் போனது ஆடி மாதம். தென்மேற்குக் காற்று அடிக்கிற இந்த மாதங்களில் தோணிகள் கடலுக்குப் போவதில்லை. எல்லாம் கரையோடு ஒதுங்கி நிற்கும். அதனால்தான் இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். பழுது பார்க்கிற வேலை நடப்பது இப்போதுதான். தோணி கட்டுகிற ஒரு குடும்பத்தாரின் பட்டறைக்கு ஒரு நண்பர் அழைத்துப் போனார். பட்டறை என்றால் சுவரும் கூரையும் இல்லை. கரையை ஒட்டிய மணல்வெளி, கீற்றுப் பந்தல், மரக்கட்டைக் குவியல், ஒரு ரம்பம், ஒரு வெல்டிங் இயந்திரம். முந்நூறு டன் சரக்கு ஏற்றுகிற ஒரு தோணி முட்டுக்கட்டைகளின் மேல் நின்றிருந்தது. அருகே போனபோது அதன் உயரத்தில் கழுத்து வலித்தது.

தாத்தா கட்டியதை அப்பா பழுது பார்த்தார், அப்பா கட்டியதை இவர்கள் பழுது பார்க்கிறார்கள். அண்ணன் தம்பி இருவர். அண்ணன்தான் மேஸ்திரி. வரைபடம் எதுவும் இல்லையா என்று கேட்டதற்கு, ஏராவின் நீளத்தைச் சொன்னால் மற்ற அளவெல்லாம் அதிலிருந்தே வரும் என்றார். இத்தனை முழம் ஏராவுக்கு இத்தனை அகலம், அகலத்துக்கு இவ்வளவு ஆழம், நடு வங்கின் வளைவு இப்படி, முன்னும் பின்னும் போகப் போக அது இவ்வளவு ஒடுங்க வேண்டும். எல்லாம் விகிதக் கணக்கு. தமிழில் ‘கப்பல் சாத்திரம்’ என்று ஒரு பழைய நூல் உண்டு. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-இல் அச்சிட்டது. எந்த மரம் நல்லது, எது ஆகாது, அளவுகள் எப்படி இருந்தால் கப்பலுக்கு நன்மை என்றெல்லாம் அது பேசுகிறது. மேஸ்திரி அந்த நூலைக் கேள்விப்பட்டதில்லை. அவர் தலைக்குள் இருப்பதும் அதே மரபின் கணக்குதான்.

ஏணியில் ஏறி உள்ளே இறங்கினோம். டார்ச் வெளிச்சத்தில் வங்குகள் இரண்டு பக்கமும் வரிசையாகத் தெரிந்தன. கறுத்து, எண்ணெய் ஊறி, இரும்பைத் தட்டினால் வருகிற சத்தம் கொடுத்தன. சில இடங்களில் புதிய வங்கு வைத்திருந்தார்கள், செம்பழுப்பு நிறம் இன்னும் மாறவில்லை.

“இது கருவேல். அந்தா அது வாகை. வெளிப்பலகை அயினி, கேரளாவுல இருந்து வருது” என்று மேஸ்திரி கைகாட்டிக்கொண்டே வந்தார். “முன்னால எட்டயபுரம், அருப்புக்கோட்டைப் பக்கம் போனா ஒரு லோடு வளைவு மரம் கெடைக்கும். இப்ப போனா சீமக் கருவேலுக்கு உள்ள நொழஞ்சுதான் தேடணும். கெடச்சாலும் சின்ன மரமா இருக்கு. ரெண்டு மரத்த ஒட்டுப் போட்டுத்தான் ஒரு வங்கு எடுக்கோம்.”

காலையில் மல்லாங்கிணறில் கேட்டதன் மறுபாதி இங்கே கிடைத்தது. ஒரு கருவேலங்கன்று வங்குக்கு ஆகும்படி வைரம் பாய்ந்து பருக்க ஒரு தலைமுறை வேண்டும். கண்மாய் தூர்ந்து, அதற்குள் சீமைக் கருவேல் அடைத்துக்கொண்டால் நாட்டு மரம் எழ இடமில்லை. சீமைக் கருவேலை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட்டதும், ஊர் ஊராக இயந்திரங்கள் இறங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். அகற்றிய இடத்தில் என்ன நடுவது என்ற கேள்விக்குத் தோணிக்காரர்களிடம் ஒரு பதில் இருக்கிறது. அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கண்மாயைக் காப்பது விவசாயியின் கவலை, தோணி கடலோடியின் கவலை என்று அரசாங்கக் கோப்புகள் இரண்டையும் வெவ்வேறு அலமாரியில் வைத்திருக்கின்றன. மரத்துக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

வெளியே கலப்பத்து நடந்துகொண்டிருந்தது. பலகைக்கும் பலகைக்கும் இடையிலான சந்தில் எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியை வைத்து, தட்டை உளியால் அடித்து அடித்து உள்ளே இறக்குகிறார்கள். பிறகு எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை அதன் மேல் பூசுகிறார்கள். தோணியைத் தண்ணீரில் இறக்கியதும் மரம் ஊறிப் பருத்து அந்தச் சந்தை இறுக்கிக்கொள்ளும். கலப்பத்து அடிக்கிற வயதானவர் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே காதைச் சாய்க்கிறார். திரி போதுமான அளவு இறுகிவிட்டதா என்பது சத்தத்திலேயே தெரியுமாம். கொஞ்சம் கூடினால் பலகை நகரும், குறைந்தால் நடுக்கடலில் தண்ணீர் கசியும். அவரோடு வேலை பழக இளவட்டம் யாரும் வரவில்லை என்றார்கள். அவர் ஒருவருடைய காதை நம்பி முந்நூறு டன் சரக்கும் ஏழெட்டு உயிர்களும் கடலுக்குப் போகின்றன.

வெளிநாட்டுக்காரனுக்குக் கப்பல் கட்டிக் கொடுத்த தமிழ்க் குடும்பங்கள் உண்டா என்று பேச்சு வந்தபோது, மேஸ்திரியின் தம்பி கடலுக்கு அந்தப் பக்கம் கைகாட்டினார். “வல்வெட்டித்துறைக்காரங்கள விட்டா வேற யாரு?”

யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறை, கப்பல் கட்டுவதையும் ஓட்டுவதையும் குடும்பத் தொழிலாகக் கொண்டிருந்த ஊர். அங்கே சுந்தர மேத்திரியாரின் தலைமையில் கட்டப்பட்டது ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல். தொண்ணூறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. உலகத்தை ஒரு சின்னப் பாய்ப்படகில் சுற்றிவந்து புகழ்பெற்ற அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் முப்பதுகளில் இதைப் பார்த்தார். அவர் வெறும் உல்லாசப் பயணி இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கப்பல் பட்டறை நடத்தியவர். தொழில் தெரிந்தவர் கண்ணுக்கு இந்தக் கப்பல் பிடித்துப்போனது. வாங்கினார், தன் மனைவியின் பெயரால் ‘ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐந்து பேர் அதில் ஏறினார்கள். செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், பிறகு அட்லாண்டிக் என்று கடந்து 1938 ஆகஸ்டில் பாஸ்டனுக்கு வடக்கே உள்ள கிளாஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது கப்பல். கிளாஸ்டர் என்பது அமெரிக்காவின் மிகப் பழைய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. தலைமுறை தலைமுறையாக மரக்கப்பல் கட்டியும் ஓட்டியும் பழகியவர்கள் வாழும் ஊர். அப்படிப்பட்டவர்களின் கண் முன்னால் போய் நின்றது யாழ்ப்பாணக் கரையில் ஒரு மேத்திரியார் கட்டிய கப்பல் என்பதை நினைக்கிறபோதெல்லாம் எனக்குள் ஒரு பெருமிதம் எழுகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

இந்தியாவின் மேற்குக் கரையில் இதைவிடப் பெரிய குடும்பக் கதை இருக்கிறது. 1736 வாக்கில் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் வழியினர் ஒன்றரை நூற்றாண்டு காலம் தலைமை ஆசாரிகளாக இருந்து பிரிட்டிஷ் கடற்படைக்கே போர்க்கப்பல் கட்டினார்கள். அவர்கள் 1817-இல் மலபார்த் தேக்கில் கட்டிய கப்பல் ஒன்று இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதன் பெயர் ‘திரிங்கோமலி’, நம் திருகோணமலைதான். கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் இன்றும் வளைகுடா நாட்டுக்காரர்களுக்கு ‘உரு’ என்ற மரக்கப்பல் கட்டிக் கொடுக்கிறார்கள். வளைகுடாவில் உல்லாசப் படகாகவும் அந்தஸ்தின் அடையாளமாகவும் உருவுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அதனால் பணமும் வருகிறது.

தூத்துக்குடித் தோணிக்கு அப்படி ஒரு வாடிக்கையாளர் கிடையாது. அது உழைக்கிற கலம். மாலத்தீவில் விளைநிலம் மிகக் குறைவு, மலை இல்லை. வெங்காயத்திலிருந்து வீடு கட்டுகிற ஜல்லி வரைக்கும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். 1981-இல் இரண்டு நாடுகளும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தின்படி இந்தியா அத்தியாவசியப் பொருட்களை அங்கே அனுப்பிவருகிறது. 2024 ஏப்ரலில் அறிவித்த ஒதுக்கீடு, ஒப்பந்தம் வந்ததிலிருந்து அதுவரை இல்லாத அளவு. ஜல்லியும் ஆற்றுமணலும் மட்டும் பல லட்சம் டன். இதில் பெரும்பகுதி பெரிய கப்பலிலும் மிதவைகளிலும் போகும். ஆனால் சின்ன வியாபாரி ஒருவர் காய்கறி, ஓடு, சிமென்ட், செங்கல் என்று கலந்து கட்டிக் கொஞ்சமாக அனுப்ப நினைத்தால் அதற்குத் தோணிதான் தோது. கண்டெய்னர் கப்பலுக்கு முழுப் பெட்டிக் கணக்கு. தோணிக்கு மூட்டைக் கணக்கு.

இதனால்தான் தோணியை அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. வேலை இருக்கிறது, சரக்கு இருக்கிறது, மறுகரையில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லாதது மரமும், கடன் கொடுக்கிற வங்கியும், கலப்பத்துக்காரருக்குப் பக்கத்தில் உட்கார ஒரு பையனும். இந்த மூன்றையும் ஏற்பாடு செய்வது பெரிய காரியமில்லை. வனத்துறை விருதுநகர், தூத்துக்குடி மாவட்டக் கண்மாய்களில் சிலவற்றை நாட்டுக் கருவேலுக்கென்று ஒதுக்கி, கோணல் மரங்களை விறகு ஏலத்துக்கு விடாமல் தோணித் தொழிலுக்குத் தனியாக ஏலம் விடலாம். ஐ.டி.ஐ.களில் வெல்டிங்கும் பிட்டரும் கற்றுத் தருகிறோம். கடலோர ஊர் ஒன்றில் மரக்கலப் பணிக்கு ஒரு பிரிவு வைத்தால் அந்த வயதானவருக்குச் சம்பளமும் பையன்களுக்குச் சான்றிதழும் கிடைக்கும்.

பொழுது சாய்கிற நேரத்தில் தோணியின் முதலாளி வந்தார். குடும்பத்தில் நான்கு பங்குகாரர்களாம், இவர் மூத்தவர். புரட்டாசியில் முதல் நடை மாலத்தீவுக்கு என்று பேசி முடித்திருக்கிறார். அதற்குள் இறக்கியாக வேண்டும் என்றார். மேஸ்திரி முன்பக்க அணியத்தில் இன்னும் மூன்று வங்கு மாற்ற வேண்டும், மரம் பத்தவில்லை என்றார். பழைய வங்கையே இரும்புத் தகடு வைத்து முடுக்கி இந்த ஒரு வருசம் ஓட்டலாமே என்று முதலாளி கேட்டார். முடியாது என்று மேஸ்திரி தலையாட்டினார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு முதலாளி போனை எடுத்து ஒரு மரக்கடைக்குப் பேசினார். நான் மல்லாங்கிணறு அண்ணாச்சியின் நம்பரை மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவர் அங்கேயே நின்று கூப்பிட்டு, ஏழடி நீளம், முக்கால் அடி கனம், வளைவு இவ்வளவு என்று கையைக் காற்றில் வளைத்துக் காட்டிக்கொண்டே பேசத் தொடங்கினார்.